பையர் மெயிலில் ‘ரன்’ என்று வந்தால்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில், துணி வாங்கும் பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு இங்கிலீஷ் மெயில் படிக்கவும் எழுதவும் சொல்லித் தருவது என் தொழில். புரியாத சொல் வந்தால் எல்லோரும் கூகுளில் தேடிவிடுகிறார்கள். தெரிந்த சொல்லைத்தான் யாரும் தேடுவதில்லை, நஷ்டம் வருவதும் அங்கேதான். முதலில் நான் பயப்படுவது ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதிக்காரர்கள் இதற்கு மட்டும் 645 பொருள் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் தொழிலுக்கு நாலைந்து போதும்.

‘ஓடு’ என்று வைத்துக்கொண்டால் பாதி சரியாக வந்துவிடும். தறி ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கம்பெனி ஓடுகிறது. இந்தப் பழக்கத்தில் மீதியையும் அப்படியே படித்துவிடுகிறோம்.

வகுப்புக்கு வந்த ஒரு பெண் தன் மெயிலைக் காட்டினார். நேவி, அதாவது கருநீலமும் வெள்ளையும் கலந்த ஸ்ட்ரைப் டிஷர்ட். ‘தி நேவி ரன்ஸ்’ என்று பையர் எழுதியிருந்தார். “நேவி லைன்ல ஓடுதான்னு கேக்கறாங்க சார், ஓடுதுன்னு பதில் போட்டுட்டேனுங்க” என்றார். பையர் சொன்னது சாயம் போகிறது, வெள்ளையில் ஒட்டுகிறது என்று! பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் நூலோடு சேராமல் மிஞ்சியதைச் சூடான சோப்பிங்கில், அதாவது சோப்புத் தண்ணீர் அலசலில் எடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். இந்த மாதிரி மெயில் வந்தால் உடனே லேபில் ஐஎஸ்ஓ 105 சி06 டெஸ்ட் போடச் சொல்லுங்கள்; துவைத்தால் சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. கூடவே துவைக்கும் மல்டிஃபைபர் துணியில் (பல வகை நூல்கள் பட்டை பட்டையாக உள்ள துணி) ஏறும் கறையை கிரே ஸ்கேல் என்ற அளவு அட்டையோடு வைத்துப் பார்ப்பார்கள். 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் மோசம்.

இதைவிட ஆபத்தானது ‘ரன் இட் பை மீ’. ஓட்டச் சொல்லிவிட்டார்கள் என்று கட்டிங்குக்குத் துணியை அனுப்பிவிடாதீர்கள். அதற்கு நேர் எதிர் அர்த்தம். செய்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறார்.

‘சைஸஸ் ரன் ஸ்மால்’ என்றால் லேபிளில் எம் என்று இருக்கிறது, போட்டால் எஸ் மாதிரி பிடிக்கிறது என்று பொருள். மெஷர்மென்ட் சார்ட்டை எடுத்து வைத்து அளவைச் சரிபாருங்கள். ‘ரன்னிங் லேட்’ (தாமதமாகிறது), ‘ரன்னிங் ஷார்ட்’ (பற்றாக்குறை) எல்லாருக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் ‘ரன் அட் நெக்’ என்று வந்தால் அது கண்ணி அவிழ்ந்து ஏணிப்படி போல இறங்குவது. தேய்ந்த ஊசி நிட்டிங்கின் கண்ணியை அறுத்திருக்கும். முனை உருண்டையான பால் பாயிண்ட் ஊசிதானா, எப்போது மாற்றினார்கள் என்று தையல் லைனில் கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் ‘நோட்டட்’ (குறித்துக்கொண்டேன்) என்று மட்டும் பதில் போடாதீர்கள். நீங்கள் புரிந்துகொண்டதை எளிய இங்கிலீஷில் ஒரு வரி எழுதி, அதுதானா என்று கேளுங்கள். நேவி சாயம் வெள்ளையில் ஒட்டுகிறது என்கிறீர்களா, போட்டோ அனுப்ப முடியுமா என்று கேட்டால் எந்த பையரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் புரிந்துகொண்டது தப்பாக இருந்தாலும், துணி கட்டிங் டேபிளில் ஏறுவதற்கு முன்னாலேயே அவர் திருத்திவிடலாம்.