பாலிம்ப்செஸ்ட்: அழித்தெழுது சுவடி

ஐரோப்பிய இடைக்காலத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் பாலிம்ப்செஸ்ட் என்ற சொல் சீக்கிரமே எதிர்ப்படும். ஒரு தோலில் முன்பே எழுதியிருந்ததைக் கழுவியோ சுரண்டியோ அழித்துவிட்டு, அதே தோலில் வேறொரு நூலை எழுதினால், அந்தச் சுவடிதான் பாலிம்ப்செஸ்ட். தமிழில் இதைச் சிலர் ஒலிபெயர்த்து அப்படியே விட்டுவிடுகிறார்கள், சிலர் 'மேலெழுதிய சுவடி' என்கிறார்கள். இரண்டாவதில் முக்கியமான செயலே விடுபட்டுப்போகிறது. அழிப்பதுதான் அந்தச் செயல்.

சொல் கிரேக்கத்திலிருந்து வருகிறது. 'பாலின்' என்றால் மறுபடியும். 'ப்செஸ்டோஸ்' என்றால் தேய்த்தது, சுரண்டியது. இரண்டும் சேர்ந்தால் 'மறுபடி சுரண்டியது' என்றுதான் பொருள். எழுதுவது என்ற பொருள் சொல்லுக்குள் எங்கேயும் கிடையாது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போனபோதும் அதே பொருளோடுதான் போனது. கி.மு. 53-இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ, ட்ரெபாட்டியஸ் என்ற வழக்கறிஞ நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. அழித்த தாளில் எழுதி அனுப்பிய உன் சிக்கனத்தைப் பாராட்டுகிறேன், ஆனால் இந்தக் கடிதத்துக்காக அழிக்கும் அளவுக்கு அதில் முன்பு என்னதான் இருந்தது என்று நண்பரைச் சீண்டுகிறார்.

அதே சிசரோவின் அரசியல் நூல் ஒன்று, 'குடியரசைப் பற்றி' என்பது, பின்னால் இதே கதிக்கு ஆளானது. வட இத்தாலியில் பொப்பியோ என்ற ஊரில் 614-இல் அயர்லாந்துத் துறவி கொலும்பானுஸ் ஒரு மடத்தை நிறுவினார். அங்கே 7-ஆம் நூற்றாண்டில் சிசரோவின் நூலை அழித்து, அதன்மேல் புனித அகஸ்டின் விவிலியத்தின் திருப்பாடல்களுக்கு எழுதிய விரிவுரையைப் படியெடுத்தார்கள். அதற்குப் பிறகு, கடைசிப் பகுதியான 'ஸ்கிப்பியோவின் கனவு' தவிர, நூல் தொலைந்துபோனதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1819-இல் வத்திக்கான் நூலகத்தில் நூலகர் ஆஞ்செலோ மாய் அந்தத் தோல்களை எடுத்துப் பார்த்தபோது, அகஸ்டினின் சிறிய எழுத்துக்கு அடியில் இரண்டு பத்தியாகப் பெரிய பெரிய எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. 1822-இல் அதைப் பதிப்பித்தார். இன்று நம் கையில் இருக்கும் 'குடியரசைப் பற்றி' முழு நூல் அல்ல என்றாலும், இருப்பதில் பெரும்பகுதி அந்த ஒரே சுவடியிலிருந்து வந்ததுதான்.

ஏன் அழித்தார்கள் என்ற கேள்விக்குப் பலரும் சட்டென்று சொல்லும் பதில், கிறித்தவத் துறவிகளுக்குப் பழைய நூல்கள்மேல் வெறுப்பு என்பது. இது தவறு என்று நான் உறுதியாகச் சொல்வேன். பாரிஸில் இருக்கும் எஃப்ரேம் சுவடியைப் பாருங்கள். 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய விவிலியம் அது. 12-ஆம் நூற்றாண்டில் அந்த விவிலியத்தையே அழித்து, சிரியாவின் புனித எஃப்ரேமுடைய உரைகளின் கிரேக்க மொழிபெயர்ப்பை எழுதியிருக்கிறார்கள். வேதத்தையே அழித்தவர்களுக்குச் சிசரோமேல் தனிப்பகை எதற்கு? உண்மையான காரணம் தோல். ஆடு, கன்று இவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கினால்தான் எழுதும் தாள் கிடைக்கும். 716-க்கு முன் வடக்கு இங்கிலாந்தில் உருவான அமியாட்டினுஸ் விவிலியத்தில் 1,030 தாள்கள். அந்த ஒரு புத்தகத்துக்கு ஏறத்தாழ 500 கன்றுத் தோல்கள் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட பொருளில் பழைய சட்டமோ, யாரும் வாசிக்காத பழைய எழுத்தோ, வழக்கொழிந்த வழிபாட்டு முறையோ இருந்தால், அதை அழித்துத் தேவையானதை எழுதிக்கொண்டார்கள். வெரோனாவில் ரோமானியச் சட்ட அறிஞர் கயுஸின் நூலை அழித்து, கிறித்தவ அறிஞர் புனித ஜெரோமின் கடிதங்களை எழுதியதும் இப்படித்தான். 1816-இல் ஜெர்மானிய வரலாற்றறிஞர் நீபூர் அதைக் கண்டுபிடித்தார்.

அழித்தது எப்படித் திரும்பக் கிடைக்கிறது? விடை மையில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவின் முக்கியமான மையை மூன்று சரக்குகளைக் கொண்டு காய்ச்சினார்கள்: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைப்பவை. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து கருமையாகி, தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே கழுவினாலும் உள்ளே இறங்கிய இரும்பு முழுதாகப் போகாது. மாய் காலத்து அறிஞர்கள் மங்கிய எழுத்தின்மேல் மாசிக்காய்ச் சாற்றைத் தடவிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் எழுத்து எழும்பி நிற்கும், அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். அப்புறம் தாள் முழுக்கப் பழுப்பேறி, அடுத்தவர் வாசிக்க முடியாமல் போய்விடும். வாசிப்பதற்காகவே பாழாக்கிய தாள்கள் பல ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன.

ஆர்க்கிமிடீஸ் சுவடி இந்த வகையில் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று. 10-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் எழுதிய கணித நூல் அது. 1229-இல் யோவான்னெஸ் மிரோனாஸ் என்ற எழுத்தர் அதைப் பிரித்துக் கழுவி, மடிப்பில் வெட்டி, ஒவ்வொரு தாளையும் பக்கவாட்டில் திருப்பி, நடுவில் மடித்து, பாதி அளவில் ஒரு மன்றாட்டு நூலாக்கினார். அதனால் மன்றாட்டின் வரிகளுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக ஆர்க்கிமிடீஸின் வரிகள் ஓடுகின்றன. சில வரிகள் தையலுக்குள் மறைந்துபோயின. 1906-இல் டென்மார்க் அறிஞர் ஹைபெர்க் அதைக் கண்டு பெரும்பகுதியை வாசித்துவிட்டார், தையலுக்குள் போனது மட்டும் அவருக்கும் எட்டவில்லை. வேறெந்தச் சுவடியிலும் இல்லாத ஆர்க்கிமிடீஸின் 'முறை' என்ற நூல் அதில் இருந்தது. பிறகு அந்தச் சுவடி கைமாறி மறைந்தது. விலை கூட்டுவதற்காக யாரோ நான்கு பக்கங்களில் பொன் பூசி நற்செய்தியாளர் படங்களை வரைந்தார்கள். 1998-இல் நியூயார்க் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குப் போய், பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஆய்வுக்காக வந்தது. புற ஊதா ஒளியில் எடுத்த படத்தையும் சிவப்பு ஒளியில் எடுத்த படத்தையும் சேர்த்தபோது, மன்றாட்டு கறுப்பாகவும் ஆர்க்கிமிடீஸ் சிவப்பாகவும் தனித்தனியே தெரிந்தன. போலிப் படங்களுக்கு அடியில் இருந்ததை ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ் கதிர் கொண்டு, மையின் இரும்பைப் பிடித்து வாசித்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நமக்கு ஆயத்தச் சொல் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதுகிறோம். கீறியதைக் கழுவ முடியாது. ஓலையும் மலிவு. பழைய ஏடு சிதைந்தால் புதிதாகப் படியெடுப்பதும், பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதுமே வழக்கமாக இருந்தது.

'மீள்சுவடி' என்றால் படியெடுத்தது போல ஒலிக்கிறது. 'மேலெழுதிய சுவடி' போதாது என்று முன்பே சொன்னேன். 'அழித்தெழுது சுவடி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. காலம் காட்டாது, நீளமும் இல்லை, அழித்தல் எழுதுதல் இரண்டும் உள்ளே இருக்கின்றன. அடியில் இருப்பதை அடியெழுத்து என்றும் மேலே இருப்பதை மேலெழுத்து என்றும் பிரித்துக்கொண்டால், பொப்பியோ சுவடியின் அடியெழுத்து சிசரோ, மேலெழுத்து அகஸ்டின் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

தொல்லியலில் இதே சொல் வேறு பொருளில் வரும். 1897-இல் சட்ட வரலாற்றாசிரியர் மெய்ட்லண்ட், இங்கிலாந்தின் நிலவரைபடத்தையே ஒரு பாலிம்ப்செஸ்ட் என்றார். யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட இடைக்காலச் சிற்றூரில், புல்லுக்கு அடியில் வீட்டு மேடுகளும் தெருப் பள்ளங்களும் இன்றும் தெரிகின்றன; அதற்கும் முந்தைய காலத்து எல்லைகள் அவற்றுக்கு அடியில் இருக்கின்றன. அங்கே யாரும் எதையும் சுரண்டி அழிக்கவில்லை. அதை அழித்தெழுது நிலம் என்பது வலிந்து செய்த சொல்லாகத்தான் இருக்கும். 'தடமடுக்கு நிலம்' எனலாம். ஆங்கிலத் தேவாலயங்களில் பழைய கல்லறைப் பித்தளைத் தகட்டைப் புரட்டி, பின்பக்கத்தில் வேறொருவருக்குச் செதுக்கியதையும் பாலிம்ப்செஸ்ட் என்றே சொல்கிறார்கள். தமிழில் 'புரட்டிச் செதுக்கிய தகடு' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பாலிம்ப்செஸ்ட் என்ற பெயரையும் சேர்த்துவிடுங்கள், மேற்கொண்டு தேடிப் படிக்கிறவர்களுக்கு உதவும்.