கழற்றிய ஆயில் சீல்களை எறியாமல் கொண்டு வாருங்கள்

சித்திரை பிறந்ததும் எங்கள் பட்டறை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, கல்லணை வழியாக மன்னார்குடிப் பக்கத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வருவதற்குள் எஞ்சின் வேலை முடிந்தாக வேண்டும். குறுவைச் சேற்றுழவு நேரத்தில் வண்டி ஒரு வாரம் படுத்துவிட்டால் நாற்று முற்றிப்போகும்.

தவறு நடப்பதும் இந்த அவசரத்தில்தான். கழற்றிய ஆயில் சீலையும் (சுற்றும் தண்டான ஷாஃப்டைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஓ-ரிங்கையும் (இணைப்புகளில் ஒழுகல் தடுக்கும் வட்ட ரப்பர்) குப்பையில் போட்டுவிட்டு, வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் புதியது கேட்கிறார்கள். பானெட்டில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் பல ஆண்டுகள் விற்ற வண்டிகளில் இடையிடையே உதிரிபாகங்கள் மாறியிருக்கும். பழைய வண்டியாக வாங்கியிருந்தால் எஞ்சினே வேறாக இருக்கலாம். எஞ்சினின் உடலான பிளாக்கில் பொறித்திருக்கும் எஞ்சின் எண்ணைத் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கிளட்ச் அடியிலிருந்து ஆயில் சொட்டியது. "தம்பி, ஒரே வருஷத்தில் மூன்று தடவை எஞ்சின் பின்பக்கச் சீல் மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் வண்டியை இரண்டாகப் பிரிக்கிறார்கள், நான்கு நாள் போய்விடுகிறது" என்றார். நல்ல வேளை, கழற்றிய மூன்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். அளவு பார்த்தேன், மூன்றுமே சரியான சீல்கள். ஷாஃப்டை உரசி நிற்கும் ரப்பர் விளிம்பான உதடுகளில் வெட்டுமில்லை, விரிசலுமில்லை. அப்படியானால் கோளாறு வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

ப்ரீத்தர் குழாயைக் கழற்றினேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் பக்கம் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறும் வழி ப்ரீத்தர். அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். வண்டியைப் பிரித்த பிறகு எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடினேன்; நகம் தட்டியது. பழைய உதடு தேய்த்த வரிப்பள்ளம். புதுச் சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தை மூட மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) ஏற்றி, ப்ரீத்தரைச் சுத்தம் செய்து, நான்காவது சீல் போட்டோம். ஒழுகல் நின்றது. மூன்று சீல்களுக்குக் கொடுத்த காசைவிட, அவர் இழந்த உழவு நாள்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

ஆகவே கழற்றிய சீலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உதடு அப்பளம்போல விறைத்து வெடித்திருந்தால் சூடு தாங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் நடுவில் சுற்றவில்லை. பேரிங்கைச் சோதிக்க வேண்டும். ஓரிடத்தில் கீறியிருந்தால் பொருத்தியவர் கை அவசரப்பட்டிருக்கிறது. ஊதித் தொளதொளவென்றிருந்தால் ரப்பர் வகையே தவறு.

சீலின் முகத்தில் பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும்: ஷாஃப்டின் விட்டம், சீல் உட்காரும் துளையின் விட்டம், சீலின் அகலம். எண் அழிந்திருந்தால் சீலை அளக்காதீர்கள், அது இழுபட்டிருக்கும். ஷாஃப்டையும் துளையையும் வெர்னியர் அளவுகோலில் அளங்கள். பழைய வடிவமைப்புகள் பல அங்குலக் கணக்கில் வந்தவை. 2 அங்குலம் என்றால் 50.8 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் சீல் அதில் இறுக்கமாக ஏறிவிடும். பார்வைக்குப் பொருந்தியதுபோல இருக்கும். ஆனால் உதடு அளவுக்கு மீறி உரசிச் சீக்கிரமே கருகும். சில சீல்களில் அம்புக்குறி இருக்கும். அது ஷாஃப்ட் சுற்றும் திசை. மாற்றுத் திசைக்கான சீலைப் போட்டால் அதன் உதட்டு வரிகளே ஆயிலை வெளியே இறைக்கும்.

வெட் லைனர் எஞ்சினில் (பிஸ்டன் ஓடும் குழாயான லைனரின் வெளிப்புறத்தில் நேராகத் தண்ணீர் படும் வகை) கூடுதல் கவனம் தேவை. அங்கே ரேடியேட்டர் தண்ணீருக்கும் சம்ப் ஆயிலுக்கும் நடுவே நிற்பவை லைனர் அடியில் இருக்கும் இரண்டு மூன்று ஓ-ரிங்குகள்தான். எல்லாம் கறுப்பு, எல்லாம் வட்டம். ஆனால் தண்ணீருக்கு நன்றாக உழைக்கும் இ.பி.டி.எம். ரப்பர் ஆயில் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். ஆயில் படும் இடத்துக்கு நைட்ரைல் வேண்டும்; அதிகச் சூட்டுக்கு வைட்டான். சந்தேகம் வந்தால் ஒரு ஓ-ரிங்கை நறுக்கி, ஒரு துண்டை இரவு முழுவதும் டீசலில் ஊறப்போடுங்கள். இ.பி.டி.எம். என்றால் காலையில் பருத்திருக்கும்.

வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து அன்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். லைனரின் வெளிப்புறம் அரித்துக் குழிவிழும். ஓ-ரிங் அமரும் இடமும் பொக்கையாகிவிடும். அதன்பிறகு எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் நிற்காது. கூலண்ட் வாங்கும் செலவு, ஒரு லைனர் செட்டின் விலைக்கு முன் மிகவும் சிறியது.

இணைப்புகளில் ஒழுகல் தடுக்கும் கேஸ்கெட் பசையை அள்ளிப் பூசும் பழக்கமும் எனக்குக் கவலை தருகிறது. உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து சம்ப்பில் விழுந்து, ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். ஆயில் போகாத கிராங்க் பேரிங் நிமிடக் கணக்கில் போய்விடும். மெல்லிய கோடு போதும்.

வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சோதனை. இரவு முழுவதும் நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சம்ப்பின் டிரெயின் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால், உள்ளே இறங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயிலே வந்தால் நட்டை இறுக்கிவிட்டு வயலுக்குப் போகலாம். தண்ணீர் வந்தால் எஞ்சினை ஓட்டாமல், கழற்றி வைத்த பழைய ஓ-ரிங்குகளோடு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.