கர்ப்பப்பையும் குடும்பக் கணக்கில் சேர்த்திதான்

இந்த மாதம் என்னிடம் இப்படி வந்த மூன்றாவது நோயாளி இவர். 38 வயது, ஒரு வருடமாக ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவர், ரத்தம் எங்கே போகிறது என்று யாருமே தேடவில்லை. கேமரா வைத்த குழாயால் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்தால் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார்.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்க வந்த அன்று அவர் மனைவி பேச்சுவாக்கில் சொல்கிறார், மாமியாருக்கு 45 வயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து எடுத்தார்களாம். ஏன் முன்பே சொல்லவில்லை என்றால், "அது பொம்பளைங்க சமாச்சாரம்தானே டாக்டர், இவருக்கும் அதுக்கும் என்ன?"

இருக்கிறது, நிறைய இருக்கிறது! லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறில் குடலும் கர்ப்பப்பையும் ஒரே வழக்கின் இரண்டு சாட்சிகள். பழுதான மரபணு ஒன்றுதான், அது அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் காட்டியதை மகனுக்குக் குடலில் காட்டும். அம்மா வழி, அப்பா வழி என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது, மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. முகஜாடை அப்பாவைப் போல இருப்பதால் நோயும் அப்பா வழியில்தான் வரும் என்று வாதாடியவர்களும் உண்டு, என்ன சொல்ல? 1895-ல் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் பலர் குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்றுநோய் வந்து இறந்ததைச் சொல்லி, தனக்கும் அதுதான் முடிவு என்று வார்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் சொன்னார். கர்ப்பப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார். அவர் போட்ட கணக்கு நமக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, செய்ய வேண்டியது. புற்றுநோய் வந்தவரை முதலில் பரிசோதியுங்கள். லிஞ்சில் பழுதாகும் மரபணுக்கள்தான் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களைத் தயாரிப்பவை, எடுத்த கட்டியிலேயே அந்த நான்கும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம், சந்தேகம் வந்தால் அப்புறம் ரத்தத்தில் மரபணுச் சோதனை. அவரை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் தம்பி தானாகப் போய்ச் சோதித்து 'நெகட்டிவ்' வாங்கி வந்து நிம்மதியாகத் தூங்குவதில் அர்த்தமே இல்லை, குடும்பத்தில் எந்தப் பழுது என்று தெரிந்தால்தான் அந்த நெகட்டிவுக்கு மதிப்பு. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, எங்கே கண் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பெரும்பாலும் 20 முதல் 25 வயதிலிருந்தே, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி. மற்றவர்களைப் போலப் பத்து வருடம் காத்திருக்க முடியாது, இவர்களுக்குப் பாலிப் என்ற குடலின் சிறு சதை வளர்ச்சி மளமளவென்று புற்றாக மாறிவிடும். பெண்கள் மாதவிடாய்க்கு இடையில் ரத்தப்போக்கு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பிரின் இந்தக் குடும்பங்களில் குடல் புற்றுநோயைக் குறைக்கிறது என்று காப்2 (CAPP2) என்ற மருத்துவ ஆய்வு காட்டியது உண்மை, அதற்காக மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

இவருடைய கட்டியில் இரண்டு புரதங்கள் இல்லை. ரத்தச் சோதனையும் உறுதி செய்துவிட்டது. 34 வயதில் ஒரு தங்கை இருக்கிறாராம். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். "அவதான் நல்லா இருக்காளே டாக்டர், எதுக்குப் பயமுறுத்தணும்?" என்கிறார். நன்றாக இருக்கும்போதே கூட்டி வாருங்கள் ஐயா, அதற்குத்தானே இத்தனையும் கேட்கிறேன்.