புள்ளி குருத்தைத் தொடுவதற்குள்

மாலையில் பார்த்தபோது கடுகளவுதான் இருந்தது. செருப்பு வடிவில் பூக்கும் ஸ்லிப்பர் ஆர்க்கிட் செடியின் நடு இலையில், அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே ஒரு ஈரப் புள்ளி. தண்ணீர் தெறித்திருக்கும் என்று துடைத்தேன், போகவில்லை. மறுநாள் காலையில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குப் பரவி, வெந்நீர் பட்ட இலை மாதிரி குழைந்து கிடந்தது. விரல் பட்டதும் மேல்தோல் வழுக்கியது. உள்ளே சதை என்று எதுவும் மிச்சமில்லை, நீர்தான். முகர்ந்தால் அழுகல் வாடை.

முதல் நாள் இரவே பூஞ்சைக்கொல்லி தெளித்திருந்தேன். பலன் இல்லை, இருக்கவும் முடியாது. அது பூஞ்சையே அல்ல.

இந்த வேகம், இந்த ஈரம், இந்த வாடை மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பாக்டீரியாதான். முன்பு எர்வினியா என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்ட கூட்டம் இது. இப்போது பெக்டோபாக்டீரியம், டிக்கியா என்று பிரித்துச் சொல்கிறார்கள். இலையின் செல்களைச் செங்கற்கள் என்று வைத்துக்கொண்டால், அவற்றை ஒட்டி வைத்திருக்கும் சாந்து பெக்டின் என்ற பொருள். அந்தச் சாந்தைக் கரைக்கும் நொதிகளை இந்த பாக்டீரியா சுரக்கிறது. சாந்து போனால் சுவர் சரியும். செல்லுக்குள் இருந்த நீர் வெளியே கசியும். நாம் பார்க்கும் ஈரம் அதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பத்து இருபது பாக்டீரியா மட்டும் உள்ளே இருக்கும்போது அவை பெரிதாக நொதி சுரப்பதில்லை. அப்போதே தாக்கினால் செடி சுதாரித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அந்தப் பொருளின் அடர்த்தியும் ஏறுகிறது. ஒரு அளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து நொதியைக் கொட்டுகின்றன. அதாவது, புள்ளி கண்ணுக்குத் தெரியும்போதே உள்ளே படை திரண்டு முடிந்திருக்கிறது. பழுப்பின் ஓரத்தோடு வெட்டினால் போதாது, பச்சையாகத் தெரியும் பகுதியிலும் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். மனசு வராது. ஆனால் மிச்சம் பிடித்து வெட்டியவர்கள் மறுநாள் மறுபடியும் கத்தியை எடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாப் புள்ளிக்கும் இப்படிப் பதற வேண்டாம். வெயில் சுட்ட தழும்பு வெளிச்சம் பட்ட பக்கத்தில் மட்டும் வரும், வந்த அளவிலேயே நின்றுவிடும். பூஞ்சைப் புள்ளி பொதுவாக உலர்ந்திருக்கும், மெதுவாகத்தான் நகரும், சில நேரம் வளையம் வளையமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் புள்ளியின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் புள்ளி கோட்டைத் தாண்டியிருந்தால் யோசிக்க நேரமில்லை.

வெட்டும் பிளேடைத் தீயில் சிவக்கக் காட்டி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆல்கஹாலில் துடைத்தால் பாக்டீரியா சாகும். ஆனால் ஆர்க்கிட்டுகளில் பரவும் வைரஸ்களை அழிக்க அதை நம்ப முடியாது. வைரஸ் பிடித்த செடிக்கு மருந்தே கிடையாது. ஒரு செடிக்கு ஒரு பிளேடு என்பதே நல்லது. புள்ளி இலையின் அடிப்பக்கத்தில் இருந்தால் முழு இலையையும் எடுத்துவிட வேண்டியதுதான். நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக இரண்டாகக் கிழித்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு பாதியையும் பக்கவாட்டில் இழுத்தால் தண்டில் கட்டை நிற்காமல் சுத்தமாகக் கழன்று வரும்.

வெட்டிய இடத்தில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூளைத் தூவுவது பலருக்கும் தெரிந்த வழி. அதிலுள்ள சின்னமால்டிஹைடு பூஞ்சையைத் தடுக்கும், தூள் காயத்தை உலர்த்தவும் செய்யும். அதே காரணத்தால் வேரில் படக் கூடாது, நல்ல வேரையும் காயவைத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கிறதே, அது கிருமி சாகும் அடையாளம் என்று நினைக்கிறார்கள். உயிருள்ள செல்களில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைப்பதால் வரும் நுரை அது. செடியின் செல்களிலும் அந்த நொதி உண்டு. ஒருமுறை காயத்தைக் கழுவலாம், தினமும் ஊற்றினால் ஆறும் திசுவும் சேர்ந்து பொசுங்கும்.

உண்மையான மருந்து உலர்வுதான் என்பது என் முடிவு. இந்த பாக்டீரியா நீர்ப்படலத்தில் நீந்தித்தான் நகரும். காயம் வழியாகவோ இலைத்துளை வழியாகவோ உள்ளே போகும். நீர் இல்லையென்றால் பாதை இல்லை. செடியைத் தனியே எடுத்து வையுங்கள், காற்றோட்டம் கொடுங்கள், இலையில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். விசிறி மாதிரி விரிந்த இலைகளுக்கு நடுவே இருக்கும் குருத்தில் நீர் தேங்கினால் ஒரு காகிதத்தைத் திரியாக முறுக்கி விட்டு உறிஞ்சி எடுங்கள். காட்டில் சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் சாய்ந்து வளரும் செடியில் நீர் தானாக வழிந்துவிடும். தொட்டியில் நாம் நிமிர்த்தி வைத்துவிடுகிறோம்.

அப்புறம் வேர். இலையில் நோய் தெரிந்தாலும் பலவீனம் பெரும்பாலும் கீழேதான் தொடங்கியிருக்கும். நிறைய ஆர்க்கிட்டுகளுக்குத் தண்டடியில் நீர் சேமிக்கும் குமிழ் உண்டு. ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்கு அது இல்லை, வேர்களும் கொஞ்சம்தான். மரப்பட்டைத் துண்டுகள் மட்கித் தூளானால் இடைவெளியெல்லாம் நீர் நிரம்புகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். வேர் மூச்சு முட்டிச் சாகிறது, இறந்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை துவள்கிறது. துவண்ட இலையைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறோம். செடிகள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தொட்டியிலிருந்து எடுத்து வேரை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தச் செடியின் நல்ல வேரே மெல்லிய ரோமத்தோடு பழுப்பாகத்தான் இருக்கும். மேலுறை கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அதை வெட்டிவிடலாம். புதிய பட்டைத் துண்டுகளில், மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியில் வையுங்கள். புது வேர் வரும்வரை உரம் வேண்டாம்.

என் செடிக்கு நான் தாமதித்துவிட்டேன். இலையைக் கிழித்தெடுத்த மூன்றாம் நாள் குருத்து கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு மட்டும் கெட்டியாக இருந்தது, கூடவே நான்கு நல்ல வேர்கள். இந்தச் செடியில் ஒரு விசிறி, அதாவது ஒரு இலைக்கொத்து, ஒருமுறைதான் பூக்கும், வாழை மாதிரி. அடுத்தது அடியிலிருந்து வரும் பக்கக் கன்றுதான். அதற்கான உறங்கும் மொட்டுகள் தண்டடியில் இருக்கும் என்று தெரிந்ததால் தூக்கி எறியவில்லை. வெட்டுக்காயம் நன்றாகக் காய்ந்த பிறகு, லேசான ஈரத்தில், நிழலில் வைத்திருந்தேன். நான்காவது மாதம் ஒரு பக்கத்தில் பச்சை நுனி ஒன்று பட்டைத் துண்டை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இப்போது அதில் மூன்று இலை. காலையில், தொட்டியின் ஓரமாகத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.