டிஸ்க் பிழைத்திருக்கிறது, ஃபார்மேட் செய்யாதீர்கள்

மறுபடியும் ஒருவர். "டிஸ்க் போய்விட்டது, விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டேன், பழைய படங்களை மட்டும் மீட்டுத் தாருங்கள்" என்கிறார். விசாரித்தால் டிஸ்க்குக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ரேமின் வேகத்தைக் கூட்ட, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கியிருக்கிறார். கணினி எழவில்லை. பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் மதர்போர்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார். திரை வந்தது. ஆனால் விண்டோஸுக்குப் பதில் ‘இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரை. உடனே ஃபார்மேட்!

பேட்டரியைக் கழற்றினால் ரேம் அமைப்பு மட்டும் பழையபடி ஆவதில்லை, எல்லாமே ஆகிவிடும். டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் அவருடைய சாட்டா கன்ட்ரோலர், பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்க உதவும் ரெய்டு முறையில் இருந்தது, அது ஏஎச்சிஐ என்ற வழக்கமான முறைக்குத் திரும்பிவிட்டது. எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதற்குரிய டிரைவர் மென்பொருளைத்தான் விண்டோஸ் தொடக்கத்தில் ஏற்றும். முறை மாறியதும் தன் டிஸ்க்கையே அதனால் அணுக முடியவில்லை. கோப்புகள் அப்படியே இருக்கின்றன. பயாஸுக்குள் போய் ரெய்டு என்று திருப்பி வைத்திருந்தால் போதும். சாவி மாறிப்போனதற்கு வீட்டை இடித்திருக்கிறார்.

அந்த நீலத்திரை, டிஸ்க் செத்ததற்கான சான்றிதழ் அல்ல. பயாஸைத் தொட்ட பிறகு அது வந்தால் முதல் சந்தேகம் கன்ட்ரோலர் முறைமேல்தான் விழ வேண்டும். டிஸ்க்கின் பெயர் பயாஸ் பட்டியலில் தெரிகிறதா என்றாவது பாருங்கள்.

‘ஏஎச்சிஐக்கு மாற்றினால் வேகம் பறக்கும்’ என்று நம்பி மாற்றுபவர்கள் தனி ரகம். பழைய ஐடிஇ முறையிலிருந்து மாறுவதில் பொருள் உண்டு. ஒற்றை எஸ்எஸ்டியை ரெய்டிலிருந்து மாற்றிப் பெரிதாக எதையும் பெறப்போவதில்லை. மாற்றியே தீர வேண்டுமென்றால், முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, மறுதொடக்கத்தில் நேராக பயாஸுக்குள் சென்று மாற்றுங்கள். சேஃப் மோடில், அதாவது அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும் நிலையில், விண்டோஸ் புதிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் தேர்வை நீக்குங்கள். சேஃப் மோடில் உள்நுழைவு பின் (PIN) எண் சில சமயம் செல்லாது, கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். ‘ரெய்டு வால்யூம் உருவாக்கு’ என்பதை மட்டும் தயவுசெய்து அழுத்தாதீர்கள். அதுதான் உண்மையிலேயே அழிக்கும்.

பயாஸை மாற்றினால் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கலாம், அந்த 48 இலக்கச் சாவியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தங்கள் மடிக்கணினி பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது.

ரேம் விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்எம்பி என்பது ஓவர்கிளாக்தான், அதாவது இயல்பு வேகத்தை மீறி ஓட்டுவது. டிடிஆர்4 ரேமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் அது பெரும்பாலும் 1.35. விண்டோஸ் திறந்துவிட்டதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. தடுமாறும் ரேம், சத்தமில்லாமல் பிழைகளை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறையுங்கள். டிடிஆர்5 என்றால் மாற்றத்துக்குப் பின் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். பதறி மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

எதையும் மாற்றுமுன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள்.

ஏற்கெனவே ஃபார்மேட் செய்துவிட்டவர்கள் கணினியை உடனே அணையுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் ஓரளவு மீட்கலாம். எஸ்எஸ்டி என்றால் ஃபார்மேட்டோடு, பழைய தரவைத் துடைக்கலாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையும் போய்விடும். அதன்பின் பெரும்பாலும் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.