டக் டக், களக் களக், உஸ்ஸ்: குழாய் எப்போது சத்தம் போடுகிறது என்று பாருங்கள்

போன வைகாசியில் வில்லாபுரம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ராத்திரி பத்தரைக்கு போன். "அண்ணே, மாடியில யாரோ நடக்கிற மாதிரி டக் டக்குன்னு கேக்குது, ஏறிப் பார்த்தா ஆளக் காணோம்." அந்த வீட்டுப் பாட்டி அதற்குள் பாண்டி கோயிலுக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டிருந்தார். மறுநாள் போய்ப் பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் சிபிவிசி பைப் மொட்டை மாடியில் ஒரு 10 மீட்டர் நீளத்துக்கு வெயிலில் கிடக்கிறது, மூன்றடிக்கு ஒரு கிளாம்ப், அதையும் மூச்சுவிட முடியாதபடி இறுக்கி வைத்திருக்கிறார்கள். மதுரை வெயிலில் பிளாஸ்டிக் பைப் சுட்டால் நீளும், ஆறினால் சுருங்கும். 30 டிகிரி ஏறி இறங்கினால் 10 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். ராத்திரி அது சுருங்கும்போது கிளாம்ப் விடாமல் பிடிக்க, பைப் இழுக்க, ஒவ்வொரு இடமாக 'டக்' என்று நழுவுகிறது. கிளாம்பைத் தளர்த்திவிட்டதும் நடமாட்டம் நின்றுவிட்டது. நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று பாட்டி கிடாவை வெட்டினார், எனக்கும் சாப்பாடு கிடைத்தது.

இந்த பிளம்பர் வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள், சிலர் ரொம்ப நன்றாகவே செய்வார்கள், ஆனால் எனக்கு அதைவிட முக்கியம் அது எப்போது வருகிறது என்பது. மோட்டார் போடும்போதா, நிறுத்தும்போதா, குழாயை மூடிய நொடியிலா, பக்கத்து பாத்ரூமில் ஃப்ளஷ் பண்ணும்போதா, யாரும் எதையும் தொடாதபோதா? இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

குழாயை மூடிய நொடியில் சுவருக்குள் 'டம்' என்று கேட்டால், ஓடிவந்த தண்ணீர் போக இடமில்லாமல் முட்டுகிறது என்று அர்த்தம். டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லாரும் முன்னால் போய் விழுவார்களே, அதேதான். பழைய பித்தளைக் குழாயை நாலு சுற்று திருகித்தான் மூட வேண்டும், தண்ணீர் மெல்ல அடங்கும். இப்போது வருகிற கால் சுற்றுக் குழாய் ஒரு தட்டில் மூடிக்கொள்கிறது. ஜுகோவ்ஸ்கி என்று ஒரு ரஷ்யக்காரர் மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் இதைச் சோதித்துப் பார்த்து 1898லேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் இரும்புக் குழாயில் 10 பாருக்கு மேல் அழுத்தம் எகிறும். பிவிசி கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் குறைச்சல் இல்லை. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் கொடுப்பதே 1 பார்தான், நம் ஊர் மாடி டேங்க் பல வீடுகளில் அந்த அளவுகூடக் கொடுப்பதில்லை, அதனால்தான் பழைய வீடுகளில் இந்தப் புகார் அதிகம் இல்லை. ஷவர் மழை மாதிரி கொட்ட வேண்டும் என்று பிரஷர் பம்ப் மாட்டிய வீடுகளில் இருந்துதான் எனக்கு போன் வருகிறது. பம்பின் பிரஷரைக் குறைத்து வையுங்கள், குழாயை மெதுவாக மூடுங்கள், சுவருக்குள் பைப் ஆடுகிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டால் ஒருநாள் எல்போ ஜாயின்ட் விட்டுப்போகும், டைல்ஸை உடைக்க வேண்டிவரும், அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது.

மோட்டாரை நிறுத்தியதும் 'டம்' என்றால் வேறு கதை. மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி இறங்கி, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற என்ஆர்வி வால்வை அறைகிறது, வால்வு தேய்ந்திருக்கும், மாற்றிவிடலாம். மோட்டார் ஓடும்போதே சரளைக் கல்லை அரைக்கிற மாதிரி கேட்டால் உடனே நிறுத்துங்கள். கோடையில் போர் தண்ணீர் கீழே இறங்கிவிட்டால், இல்லை உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு பழுதானால், மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். "இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடட்டும், டேங்க் ரொம்பிடும்" என்று விட்டவர்கள் பலர் அப்புறம் கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

ஃப்ளஷ் பண்ணும்போது பாத்ரூம் தரையில் இருக்கும் நானி ட்ராப் 'களக் களக்' என்றால் எனக்குக் கோபம் வரும், உங்கள் மேல் இல்லை, வீடு கட்டியவர் மேல். கழிவுத் தண்ணீர் கீழே பாயும்போது பின்னால் காற்றை இழுக்கும். அந்தக் காற்று மொட்டை மாடிக்குப் போகும் வென்ட் பைப் வழியாக வர வேண்டும். ஒரு லெங்க்த் பைப்பை மிச்சப்படுத்த வென்ட்டே வைக்காமல் விட்டால், காற்று நானி ட்ராப் வழியாக வரும். அதில் நிற்கிற 2 இன்ச் தண்ணீர்தான் சாக்கடை வாசனையையும் கரப்பான்பூச்சியையும் தடுக்கிறது, அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். வென்ட் இருந்தும் சத்தம் வந்தால் மேலே ஏறி மூடியைப் பாருங்கள். ஒரு வீட்டில் அணில் கூடு ஒரு கைப்பிடி தேங்காய் நாரோடு வந்தது.

ராத்திரி யாரும் தொடாமல் கக்கூஸ் பக்கம் 'உஸ்ஸ்' என்றால் சிஸ்டனில், அதாவது ஃப்ளஷ் தொட்டியில், தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் சிஸ்டனில் நாலு சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாசர் போய்விட்டது. நம் போர் உப்புத் தண்ணீருக்கு ரப்பர் அதிக நாள் தாங்காது.

அதே உப்புதான் கீசர் காயிலில் வெள்ளையாகப் படிந்து, சூடாகும்போது பொட பொடவென்று சத்தம் போடுகிறது. சுத்தம் செய்தால் அடங்கும். ஆனால் பெரிதாகக் குமுறுகிறது, குழாயில் தண்ணீருக்குப் பதில் ஆவி வருகிறது என்றால் தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை. சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள், மெயினை அணைத்துவிட்டு அது ஆறும்வரை பாத்ரூமைவிட்டு வெளியே இருங்கள். இன்னொன்று, கீசரின் சேஃப்டி வால்வில் சொட்டுகிறது என்று அதற்கு டம்மி அடித்து அடைத்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அழுத்தம் வெளியே போகிற ஒரே வழி அதுதான், அதை அடைத்துவிட்டால் சுவரில் தொங்குவது கீசர் இல்லை, குண்டு.

கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நாளில் முதலில் குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றைத் துப்பும், நாலு தட்டுத் தடுமாறி அப்புறம் தண்ணீர் வரும். காலியாகக் கிடந்த லைனில் இருந்த காற்று அது. முதல் வாளி கலங்கலாக இருந்தால் செடிக்கு ஊற்றுங்கள். இதற்காக விடிகாலை நாலு மணிக்கு எனக்கு போன் பண்ண வேண்டாம்.