பிஎச்டிக்குப் போக வழிகாட்டும் மெக்நேர் திட்டம்: யாருக்கு, எப்படி?

அமெரிக்காவில் பிஎச்டி இடம் கிடைக்க மதிப்பெண் மட்டும் போதாது. ஆராய்ச்சி செய்த அனுபவம் வேண்டும். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். இரண்டையும் இளங்கலை முடிவதற்குள் சேர்த்துவிட வேண்டும். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத மாணவருக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்களில் பலர் விண்ணப்பம் போடும் கட்டத்துக்கே வந்து சேர்வதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வருத்தம். அந்தக் கட்டத்துக்கு முன்பே கைகொடுப்பதற்காகக் கூட்டரசின் கல்வித் துறை நிதி தருவதுதான் மெக்நேர் திட்டம்.

ரொனால்ட் மெக்நேர் 1950இல் தென் கரோலினாவின் லேக் சிட்டியில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஊர் நூலகத்துக்குப் போனார். கறுப்பினச் சிறுவனுக்குப் புத்தகம் தர முடியாது என்று சொல்லிப் போலீசையே அழைத்தார்கள். அவர் நகரவில்லை, புத்தகத்தோடுதான் வீடு திரும்பினார். 1976இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு விண்வெளி வீரரானார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தில் உயிரிழந்தார். திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

சேர விரும்புபவர் அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்க்கப்படுபவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்த வருமானக் குடும்பத்தினராகவும் முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரப்போகிறவர்களாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும்.

பலர் தங்களுக்குத் தகுதியில்லை என்று தாங்களே முடிவு செய்துவிடுவது இந்த இடத்தில்தான். வருமானம் என்று பார்ப்பது மொத்தச் சம்பளத்தை அல்ல, கழிவுகள் போக வரிப் படிவத்தில் நிற்கும் தொகையை. அது வறுமைக்கோட்டு அளவில் 150 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் தலைமுறை என்பதற்கு அம்மா, அப்பா இருவருமே இளங்கலைப் பட்டம் பெறாதவர்களாக இருந்தால் போதும்; அண்ணனோ அக்காவோ பட்டதாரி என்றாலும் பரவாயில்லை. ஒரே பெற்றோரிடம் வளர்ந்தவருக்கு அந்த ஒருவரின் படிப்பு மட்டுமே கணக்கு. இந்த வழியில் இனம் பார்ப்பதில்லை என்பதால், அங்கே வாழும் தமிழ்ப் பிள்ளைகளும் தகுதி இருந்தால் தாராளமாகக் கேட்கலாம்.

மீதி மூன்றில் ஒரு பங்கு, முனைவர் படிப்பில் குறைவாக இருக்கும் இனத்தவருக்கானது என்கிறது சட்டம். கறுப்பினத்தவர், லத்தீன் வம்சாவளியினர், பூர்வகுடிகள், ஹவாய், பசிபிக் தீவினர் இதில் வருவார்கள். கல்லூரி மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் தடுத்த பிறகு, இந்த விதியை எதிர்த்து 2024இல் வழக்குப் போட்டார்கள். இந்த வழியில் வருபவர்கள் இப்போதைய நிலையைக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கிடைப்பது என்ன? ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி, பெரும்பாலும் கோடை விடுமுறையில். இரண்டாம் ஆண்டை முடித்து இந்த ஆராய்ச்சியில் ஈடுபடுபவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,800 டாலர் உதவித்தொகை உண்டு. விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தித் தருவது, பல்கலைக்கழகம் தேர்வு செய்ய உதவுவது, நிதியுதவி பற்றிச் சொல்லித் தருவது எல்லாம் இதில் அடக்கம். பிஎச்டி செலவை இந்தத் திட்டம் ஏற்காது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் மெக்நேர் மாணவர்களிடம் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. ஏழெட்டு இடங்களுக்கு விண்ணப்பிப்பவருக்கு அது சின்னத் தொகை அல்ல. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது.

விண்ணப்பத்தை வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நிதி கல்லூரிக்குத்தான் வருகிறது. ஆள் எடுப்பதும் கல்லூரியே. எல்லாக் கல்லூரியிலும் இந்தத் திட்டம் கிடையாது, ஏற்கெனவே இருந்த இடத்திலும் அடுத்த நிதிச் சுற்றில் இல்லாமல் போகலாம். அதனால் இரண்டாம் ஆண்டிலேயே மெக்நேர் அலுவலகம் இருக்கிறதா என்று விசாரித்து, கடைசித் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் வரிப் படிவ நகலையும் கையோடு எடுத்துப் போங்கள்.